பதினாலாம் தேதி யாரு சரின்னது?

சார், இந்தச் சீட்டுக்கு ஆளு வருதா? வரலையா? அப்ப உக்காந்துக்கிறேன். அங்கிட்டு வரிசையாக் காலியாக் கெடக்கு, தெரியுது. எனக்கு வேண்டியது சீட்டு இல்ல, பேச்சுத்தொணை. இப்ப போன்ல யார்ட்டயோ "வையிம்மா, அப்புறம் பேசுறேன்"னு சொன்னீங்க பாருங்க, அது காதுல விழுந்துச்சு. ரெண்டு மணி நேரமா இந்த ஏர்போர்ட்டச் சுத்திச் சுத்தி வாரேன், நம்ம பேச்சு இப்பத்தான் கேக்குது. போன உசுரு திரும்பி வந்துருச்சு சார்.

எம்பேரு பவுன்ராஜ். தேனிப் பக்கம் சின்னமனூரு. பைபாஸ்ல எடை மேடை வச்சிருக்கேன். லாரியோட அப்படியே ஏத்தி எடை போடுவாங்கள்ல, அதான். நீங்க எந்த ஊரு? கும்பகோணமா? சரி சரி. கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் எம்புட்டுத் தூரம் வரும்? ஒரு மணி நேரமா? ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்கக் கூடாது. இளமுருகுன்னு மாயவரத்து ஆளு. மான்செஸ்டர்ல வேலை பாக்குறான், ஒல்லியா, கண்ணாடி போட்டிருப்பான். உங்களுக்குப் பழக்கம் உண்டா? தெரியாதா? சத்தியமா? சரி, நம்புறேன். நீங்க என்னத்துக்குப் பொய் சொல்லப் போறீங்க. இருந்தாலும் கேட்டுக்கிறது நல்லது பாருங்க. நான் வந்த ப்ளைட்டுலதான் நீங்களும் வந்தேங்கிறீங்க, நான் போற மான்செஸ்டருக்குத்தான் போறேங்கிறீங்க, அதே மாதிரி நாளைக்குக் காலையில வரைக்கும் இங்கனயே கெடக்கணும்கிறீங்க. எனக்குன்னு ஒரு ஆளப் போட்டுவிட்ட மாதிரி இருந்துச்சு, அதான்.

என்னது, உங்களுக்கும் டைம மாத்திட்டாங்களா? மூணு வாரத்துக்கு முந்தியே மெயில் வந்துச்சா? நீங்களும் பரவாயில்லன்னு விட்டுட்டீங்களா? அப்ப நெசமாவே இந்தக் கம்பெனிக்காரன்தான் மாத்துனானா? ம்ம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். கம்பெனிக்காரன் மாத்துவான், அவன் பொழப்பு அது. ஆனா மாத்துனத யாரு ஒத்துக்கிட்டது? அதுதான் சார் என் கேள்வி. அதுக்கு எவனும் பதில் சொல்ல மாட்டேங்குறான்.

மொதல்லேர்ந்து சொல்றேன். எனக்கு ஒரே தங்கச்சி, நாகஜோதி. எங்கப்பா தவறும்போது அவளுக்கு ஒம்பது வயசு. நாந்தான் சைக்கிள்ல வச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயி விட்டேன், நாந்தான் காலேஜுல சேத்தேன். மெட்ராஸுக்கு வேலைக்குப் போனா. போன எடத்துல, இப்பக் கேட்டேன்ல, அந்த இளமுருகப் பிடிச்சுக் கூட்டியாந்து, "அண்ணே, கட்டுனா இவரத்தான்"னு நிக்கிறா. நான் என்ன வில்லனா? விசாரிச்சுப் பாத்தேன். ஒரு கொறையும் இல்ல. அதுதான் எனக்கு மொதல் சந்தேகமே. ஒரு மனுசன விசாரிச்சா ஒண்ணு ரெண்டாவது வெளிய வரணும்ல? சரின்னு கல்யாணம் பேச உக்காந்தோம். "சீரு, நகை ஒண்ணும் வேண்டாம் மச்சான், ஜோதி வந்தாப் போதும்"ங்கிறான். வேண்டாம்னு சொல்றவன எப்படி சார் நம்புறது? கேக்குறவன நம்பலாம். அவனுக்கு என்ன வேணும்னு தெரியும். வேண்டாம்ங்கிறவனுக்கு என்ன வேணும்னு நமக்குத் தெரியாதுல்ல?

சிரிக்கிறீங்க. என் வீட்டுக்காரி லீலாவும் இப்படித்தான் சிரிப்பா. "ஒங்களுக்கு அந்த ஐயனாரே எதுக்க வந்து நின்னாலும் ஆதார் கார்டக் காட்டுன்னு கேப்பீங்க"ம்பா. எம் பொழப்பு அப்படி சார். காலி வண்டிய எடை போடும்போது கிளீனர சீட்டுக்கு அடியில படுக்க வச்சிருப்பான். லோடு ஏத்திட்டு வரும்போது முக்குலயே அவன எறக்கி விட்டுருவான். அறுவது கிலோ வாழத்தாரு பொசுக்குனு காணாமப் போயிரும். தண்ணி டிரம்முல தண்ணி ரொப்பி வருவான், ஒரு சக்கரத்த மேடைக்கு வெளிய விடுவான். இருவத்திரெண்டு வருசமா இதயே பாத்துக்கிட்டு இருக்கிறவனுக்கு மனுசன் மூஞ்சியப் பாத்தா எங்க ஆளப் படுக்க வச்சிருக்கான்னுதான் தேடத் தோணும்.

இப்ப விசயத்துக்கு வாரேன். போன வருசம் ஜோதிக்குப் பையன் பொறந்தான். நிலவன்னு பேரு. காது குத்தணும். காதுகுத்துன்னா தாய்மாமன் மடி. உங்க பக்கமும் அப்படித்தான? எங்க பக்கம் தாய்மாமன் மடியில புள்ள உக்காராம காதுல ஊசி படாது. ஊருக்கு வந்து நம்ம குலசாமி கோயில்லயே குத்தலாம்னு பாத்தா, அவங்களுக்கு விசா புதுப்பிக்கக் குடுத்திருக்காம், அது வர்ற வரைக்கும் நாட்ட விட்டு நகரக் கூடாதாம். அதனால அங்கனயே ஒரு முருகன் கோயில்ல வச்சு, நாளைக்கு ஞாயித்துக்கெழம காலையில ஒம்பதுலேர்ந்து பத்தரைக்குள்ள காதுகுத்து.

எனக்குப் புள்ள குட்டி கெடையாது சார். கல்யாணமாயிப் பதினாறு வருசமாச்சு. போகாத கோயிலு இல்ல, பாக்காத டாக்டரு இல்ல. போதும்னு விட்டுட்டோம். ஆக எனக்குன்னு ஒரு புள்ள வந்து உக்காருறதுக்கு இந்த ஒரு மடி, இந்த ஒரு நாளுதான். பாஸ்போர்ட்டு எடுத்து, விசாவுக்கு மூணு தடவ மெட்ராஸுக்கு அலைஞ்சு, காதுல போட கடுக்கன் அடிச்சு... அது எங்க இருக்குன்னு கேக்காதீங்க, பத்திரமா இருக்கு, அம்புட்டுத்தான் சொல்லுவேன்.

அந்த ஆளு, இளமுருகு, "மச்சான், டிக்கெட்ட நான் போடுறேன்"ன்னான். நான் விடல. எதுக்கு வலிய வந்து போடுறான்? தேனியில ஒரு ட்ராவல்ஸ்ல நானே போயி உக்காந்து போட்டேன். இன்னைக்குச் சனிக்கெழம காலையில நாலு மணிக்கு மெட்ராஸ்ல ஏறுனா, இங்க எறங்கி ரெண்டு மணி நேரத்துல அடுத்தது, மதியம் ஒரு மணிக்கெல்லாம் மான்செஸ்டர். அவ வீட்டுல குளிச்சு, சாப்புட்டு, ராத்திரி நல்லாத் தூங்கி எந்திரிச்சுக் காலையில கோயில். எம்புட்டு அழகாப் போட்டேன் பாருங்க! ரெண்டு நாளு முன்னாடியே வந்திருக்கலாமேங்கிறீங்களா? வெள்ளிக்கெழம எடை மேடை சரியாக் காட்டுதான்னு பாத்து முத்திரை வைக்க ஆபீசர் வர்ற நாளு. அத வேலைக்கு இருக்கிற முனீஸ்ட்ட விட்டுட்டு வர முடியுமா? பத்து வருசமா எங்கிட்ட இருக்கான், நல்ல பயதான், இருந்தாலும்.

இன்னைக்கு விடியுறதுக்கு முந்தியே மெட்ராஸ் ஏர்போர்ட்டுல போயி நின்னா, "ஒம்பது அம்பதுக்குத்தான் சார் ஒங்க ப்ளைட்டு"ங்கிறா கவுண்டர்ல இருந்த பொண்ணு. சரின்னேன். "இங்க எறங்குன பெறகு இருபது மணி நேரம் கழிச்சு நாளைக்குக் காலையிலதான் அடுத்தது"ங்கிறா. எனக்குத் தலையே சுத்திருச்சு. நாளைக்குக் காலையில எட்டுக்கு இங்க ஏறுனா அங்க பன்னெண்டரை. பத்தரையோட முகூர்த்தம் முடிஞ்சு, எலையெல்லாம் எடுத்துருவான். "யாரக் கேட்டு மாத்துனீங்க?"ன்னு சத்தம் போட்டேன். அவ கம்ப்யூட்டரப் பாத்துட்டு, "நீங்க ஒத்துக்கிட்டதா இருக்கே சார், பதினாலாம் தேதி"ங்கிறா.

பதினாலாம் தேதி! நான் யாருக்குமே ஒத்துக்கலையே சார்!

ஒடனே ட்ராவல்ஸ்காரிக்குப் போன் போட்டேன். ஜெனிபர்னு ஒரு பொண்ணு. தூக்கக் கலக்கத்துல, "நாந்தான் கூப்பிட்டேன் சார், நீங்க சரின்னீங்களே சார்"ங்கிறா. பாத்தீங்களா? சொல்லிக் குடுத்த மாதிரியே ரெண்டு பேரும் ஒரே பாட்டு. அப்பத்தான் ஜோதி போன் பண்றா. "அண்ணே, பதட்டப்படாத. ஒன் ப்ளைட்டு மாறியிருக்குன்னு இவரு நேத்தே பாத்துட்டாரு. பாத்துக்கலாம்னு சொன்னாரு"ங்கிறா.

நேத்தே பாத்துட்டாரு! கேட்டுக்கங்க. டிக்கெட்டு எம்பேருல, போட்டது நானு, காசு என்னுது, மாறுனது அந்த ஆளுக்கு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எப்படித் தெரிஞ்சுச்சு? நாந்தான் டிக்கெட்ட போட்டோ எடுத்து ஜோதிக்கு அனுப்பிருந்தேன். அதுல ஆறு எழுத்துல ஒரு நம்பர் இருக்காமுல்ல, அது கையில இருந்தா எவனும் உள்ள பூந்து என்ன வேணாலும் பண்ணலாமாம். மெட்ராஸ்ல பக்கத்து வரிசையில நின்ன ஒருத்தன்தான் சொன்னான். சொன்னதும் எனக்குப் பளிச்சுனு வெளங்கிருச்சு. சரி, இதுதான் சங்கதி.

எதுக்கு அப்படிப் பண்ணணும்னு கேளுங்க. காரணம் இருக்கு. எங்க பெரியப்பா மகன் ரத்தினவேலு, அங்க லீட்ஸ்லதான் இருக்கான். மான்செஸ்டருக்குப் பக்கம். பெரிய வேலை, பெரிய காரு. அவனும் மொறைக்குத் தாய்மாமன்தான? நான் வராட்டி அவன் மடி. எடை மேடைக்காரன் வேட்டியக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்தா அந்த ஆளோட வெள்ளக்காரச் சிநேகிதங்க முன்னாடி அசிங்கம். ரத்தினவேலுன்னா கோட்டுப் போட்டு உக்காருவான், போட்டோவுக்கு எடுப்பா இருக்கும். கணக்கு சரியா வருதா இல்லையா?

அதுலேர்ந்து அந்த ஆளு நாலு தடவ கூப்பிட்டுட்டான். எடுப்பேனா நானு? கட் பண்ணிக் கட் பண்ணி விட்டேன்.

இங்க எறங்குனா இன்னொரு கூத்து. ஒரு பொண்ணு வந்து, "ஒங்களுக்கு ஓட்டல்ல ரூம் உண்டு சார், வண்டி நிக்குது, சாப்பாட்டுக்குக் கூப்பன் உண்டு, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க"ங்கிறா. விடுவேனா? கையெழுத்துப் போட்டா இருபது மணி நேரத்துக்கு நானும் உடந்தைன்னு ஆயிருமுல்ல? போடலையே! வண்டியில ஏத்தி எங்க கொண்டு போயி விடுவானோ? மடியில கனம் இருந்தா வழியில பயம்பாங்க, எனக்கு மடியில... சரி, அத விடுங்க. இது என்ன, நீங்க அந்தக் கூப்பன்லயா இந்தச் சோறு வாங்குனீங்க? கையெழுத்துப் போட்டீங்களா? ஒண்ணும் கேக்கலையா? ம்ம். நல்லா இருக்கா? வேண்டாம் வேண்டாம், நீங்க சாப்புடுங்க. நான் காலையிலேர்ந்து தண்ணியிலயே ஓட்டிக்கிட்டு இருக்கேன். சரி, நீங்க இம்புட்டு வற்புறுத்துறதால ஒரு வாயி.

கொஞ்சம் முன்னாடிதான், பசி வேற, ஆத்திரம் வேற, அந்த ஆளுக்கு வாட்ஸப்புல பேசி அனுப்பிட்டேன். என்னன்னா? "எடைக்காரன்கிட்டயே எடை மோசடி பண்றியா? கூடப் பொறந்தவன நடுவழியில நிறுத்திட்டு எவனோ ஒருத்தன் மடியில புள்ளய உக்கார வைக்கிறியா? வையி. நல்லா வையி. இன்னையோட எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்ல, நான் தலை முழுகிட்டேன். இத அவளுக்கும் போட்டுக் காட்டு"ன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு அந்தா அந்தப் பைப்புல மூஞ்சியக் கழுவிட்டுத்தான் இங்க வந்து உக்காந்தேன்.

அதிகந்தான். தெரியுது. ஆனா நாந்தான் நாயத்துல இருக்கேனே சார்! பதினாலாம் தேதி எவனுக்கும் நான் சரின்னு சொல்லவே இல்லையே!

ஆதாரமா? ஏன் இல்லாம! எம் போன்ல வர்ற கால் பூராத்தையும் ரெக்கார்டு பண்ணித்தான் வச்சிருக்கேன். லாரிக்காரன் இன்னைக்கு ஒண்ணு சொல்லுவான், நாளைக்கு ஒண்ணு சொல்லுவான், அதுக்காக முனீஸு போட்டுக் குடுத்தது. என் வீட்டுக்காரி பேசுறது கூட அதுல இருக்கு. அட, இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க! நீங்க கேட்டீங்க பாருங்க, அதான் படிச்ச ஆளுங்கிறது. இந்தாங்க, எடுங்க, எனக்கு அந்தச் சின்ன எழுத்துத் தெரியாது. பதினாலாம் தேதி. தேதி வாரியா இருக்கும். அந்த ட்ராவல்ஸ் பொண்ணு நம்பர் இருக்கவே இருக்காது, எழுதி வச்சுக்கங்க.

இருக்கா?

பதினொண்ணு இருவதுக்கா? ரெண்டு நிமிசமா? சரி, போடுங்க. சும்மா சத்தமா வையுங்க, இங்க யாருக்குத் தமிழ் தெரியப் போகுது. அதுல நான் என்ன சொல்லியிருக்கேன்னு நீங்களே கேளுங்க.

"சார், ட்ராவல்ஸ்லேர்ந்து ஜெனிபர் பேசுறேன்."

"சொல்லும்மா."

"ஒங்க டிக்கெட்டுல ஏர்லைன்ஸ்காரங்க டைம் மாத்திட்டாங்க சார்."

"சரி."

"மெட்ராஸ்ல நாலு மணிக்குப் பதிலா ஒம்பது அம்பதுக்குக் கெளம்பும்."

"சரி சரி... ஏய், பின் டயரு ஏறலடா, இன்னும் ரிவர்ஸு வா, வா, வா... சரி."

"அதனால அங்க அடுத்த ப்ளைட்டப் பிடிக்க முடியாது சார். இருபது மணி நேரம் காத்திருக்கிற மாதிரி வரும்."

"ஆகட்டும் ஆகட்டும்."

"வேண்டாம்னா முந்தின நாளு ப்ளைட்டுக்கு மாத்திக்கலாம் சார், அவங்களே மாத்தித் தருவாங்க. என்ன பண்ணட்டும்?"

"அப்படியே போடு, எறக்காத."

"அப்படியே ஓகே பண்ணிரட்டுமா சார்?"

"சரிம்மா, பண்ணு பண்ணு. வையி."

...

சிரிக்காதீங்க சார். இதுல சிரிக்க என்ன இருக்கு?

அது லாரிக்காரன்கிட்ட சொன்னது! அப்படியே போடுன்னது முனீஸ்கிட்ட. எடை முள்ளு நிக்கிறதுக்கு முந்தியே வண்டிய எறக்கப் போனான், எறக்காத, அப்படியே எடையப் போடுன்னேன். இந்தப் பொண்ணு அதத் தூக்கித் தன் கேள்விக்குப் பதிலா வச்சுக்கிட்டா. சரின்னா என்ன அர்த்தம்? நீங்க சொல்லுங்க. நம்ம ஊர்ல சரின்னா ஒத்துக்கிட்டேன்னா அர்த்தம்? கேக்குது, மேல சொல்லுன்னு அர்த்தம். போன வைக்கப் போறேன்னு அர்த்தம். எழவு வீட்டுல போயி உக்காந்து "எப்ப உசுரு போச்சு?"ன்னு கேப்போம், "வெள்ளன அஞ்சு மணிக்கு"ம்பாங்க, "சரி"ங்கிறோம். செத்ததுக்கு ஒத்துக்கிட்டோம்னா அர்த்தம்? இந்த அரை மணி நேரத்துல உங்ககிட்டயே எத்தனை சரி சொல்லியிருப்பேன்? எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டேன்னு ஆயிருமா?

திரும்பப் போட வேண்டாம். கேட்டது போதும்.

முந்தின நாளு ப்ளைட்டுக்கு மாத்தித் தாரேன்னிருக்கா, சார். அவ கேட்டிருக்கா. நல்லாத் தெளிவாக் கேட்டிருக்கா, பாவம். வெள்ளிக்கெழம ஏறியிருந்தா இந்நேரம் அந்தப் பயல தூக்கி வச்சுக்கிட்டு இருப்பேன். முத்திரை ஆபீசரு வந்தா வந்துட்டுப் போறாரு. முனீஸு பாத்திருப்பான்.

அப்ப நானேதான் இதக் கேட்டு வாங்கியிருக்கேன். அந்த ஆளு இல்ல. ரத்தினவேலு இல்ல. வேற எவனும் இல்ல. நானு.

ஐயையோ, சார், அந்த மெசேஜ்! நான் பேசி அனுப்புனேன்ல, அத அழிக்க முடியுமா? முடியும்ல? அனுப்புனவனே அவன் போன்லேர்ந்தும் அழிக்கலாம்னு முனீஸு சொல்லுவான். வெரசா, வெரசா. அங்க இப்ப என்ன மணி? பதினொண்ணா? அவன் கோயில் சோலியா அலைஞ்சுக்கிட்டு இருப்பான், பாத்திருக்க மாட்டான். அந்த டிக்கு ரெண்டும் என்ன கலர்ல இருக்கு?

நீலமா?

கேட்டுட்டானா. எம்புட்டு நேரமாச்சு கேட்டு? அது தெரியாதா. போச்சு. எல்லாம் போச்சு. ஜோதிக்கும் போட்டுக் காட்டுன்னு வேற சொன்னேனே. எந்தச் சனியன் என் நாக்குல வந்து உக்காந்துச்சோ. தங்கச்சியே இல்ல, தலை முழுகிட்டேன்னு சொல்லிட்டேனே சார், தூக்கி வளத்த புள்ளய. நாளைக்கு விசேசத்த வச்சுக்கிட்டு இன்னைக்கு அவ அதக் கேட்டா அந்த வீட்டுல அடுப்பு எரியுமா?

அடிக்குது. அந்த ஆளுதான். இளமுருகுதான். என்ன சார் பண்றது? நீங்க எடுத்து, தூங்குறாருன்னு சொல்லிருங்களேன். வேண்டாமா? நானே எடுக்கணுமா? சரி. எடுக்குறேன். எந்திரிச்சுப் போயிறாதீங்க, பக்கத்துலயே இருங்க.

ஹலோ... ஆமா, நாந்தான்... ம்... இங்கதான் உக்காந்திருக்கேன்... சாப்புட்டேன், ஒரு சாரு குடுத்தாரு... இல்ல, ரூமுக்குப் போகல... கேக்குது, சொல்லுங்க... எது?... எப்ப?... திங்கக்கெழமையா?... அப்ப வர்றவுங்க?... ம்... இல்ல, அது நான் ஏதோ ஆத்திரத்துல... அவ கேட்டுட்டாளா?... எது?... ம்... ம்... கேக்குது... வைக்கிறேன்.

ஒரு நிமிசம் இருங்க சார். தண்ணி இருந்தாக் குடுங்க.

நேத்து அந்த டைமப் பாத்த ஒடனே கோயில்ல ஐயரப் போயிப் பாத்திருக்கான். ஞாயித்துக்கெழமைய விட்டுட்டு, திங்கக்கெழம காலையில ஒம்பதரைக்கு மேல மாத்திருக்கான். ஐயரு இன்னைக்குக் காலையிலதான் ஒத்துக்கிட்டாராம். அதச் சொல்லத்தான் நாலு தடவ கூப்பிட்டானாம். வேலை நாளாச்சே, வர்றவங்க வர மாட்டாங்களேன்னேன். "வர முடிஞ்சவங்க வரட்டும் மச்சான், நீங்க இல்லாம யாருக்காக வைக்கிறது"ங்கிறான். ரத்தினவேலு? அவன்தான் நாளைக்கு என்ன ஏர்போர்ட்டுலேர்ந்து கூட்டிட்டுப் போகக் காரு கொண்டாரானாம்.

இருங்க, இதுல ஏதாவது இருக்கான்னு பாக்குறேன். ஐயரு ஏன் பொசுக்குனு ஒத்துக்கணும்? திங்கக்கெழமையில என்ன இருக்கு? ராகு காலம் ஏழரைலேர்ந்து ஒம்பது. ஒம்பதரைன்னா நல்ல நேரம்தான். ரத்தினவேலு எதுக்கு வரணும்? ஞாயித்துக்கெழம லீவு, வாரான். எங்கிட்டுத் திருப்பிப் பாத்தாலும் ஆள் ஒளிஞ்சிருக்கிற எடமே தெரிய மாட்டேங்குது சார்.

அந்த மெசேஜா? கேட்டிருக்கான். முழுசாக் கேட்டிருக்கான். கேட்டுட்டு அழிச்சுட்டானாம். "ஜோதிகிட்டப் போடல மச்சான், அவளுக்குத் தெரியவும் வேண்டாம். நீங்க வாரீங்கன்னு ஒரு வாரமா அவளுக்குக் கால் தரையில பாவல. நீங்களும் அவகிட்ட அதப் பத்தி வாயத் தெறந்துறாதீங்க"ங்கிறான். எங்கிட்டக் கெஞ்சுறான் சார். திட்டுனவன் நானு, கெஞ்சுறது அவன்.

எனக்கு வெக்கமா இருக்கு சார். உங்க முன்னாடி சொல்றதுக்கு என்ன, நல்லாவே வெக்கமா இருக்கு. நான் அந்த எடத்துல இருந்திருந்தா அதத் தெருவுக்கே போட்டுக் காட்டியிருப்பேன்.

ஒரு உதவி பண்ணுங்க. அவனுக்கு ஒரு மெசேஜ் அடிச்சுக் குடுங்க. பேசி அனுப்ப வேண்டாம், எங்குரல் இன்னைக்கு அவன் கேட்டது போதும். எழுத்தாவே போடுங்க. என்னன்னா... "மாப்ள"ன்னு ஆரம்பிங்க.

அதுக்கப்புறம்... இருங்க, யோசிக்கிறேன். கல்யாணமாயி ஏழு வருசமாச்சு சார். அவன் வாய்க்கு வாய் மச்சான் மச்சான்பான். நான் ஒரு தடவ கூட அந்த மனுசன மாப்ளன்னு கூப்பிட்டதில்ல. ஹலோம்பேன், இல்லாட்டி சொல்லுங்கம்பேன். பேரச் சொல்லியும் கூப்பிட மாட்டேன், மொறையச் சொல்லியும் கூப்பிட மாட்டேன்.

அடிச்சுட்டீங்களா? காட்டுங்க. ம்ம். எழுத்து சரியாத்தான் இருக்கு. வேற ஒண்ணும் சேக்க வேண்டாம் சார். அந்த ஒரு வார்த்தைய மட்டும் அனுப்புங்க.